கடலுக்கு முதுகு காட்டி ஒரு நாள்: குமரி மாவட்டத்தில் கோதையாற்றின் வழியே

கேள்வி இதுதான்: "கன்னியாகுமரியில் இரண்டு நாள் தங்குகிறோம். முதல் நாள் விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, பகவதியம்மன் கோவில் என்று போய்விடும். இரண்டாம் நாளுக்கு வாடகைக் கார் பேசியிருக்கிறோம். கூட்டத்தை விட்டு விலகி மாவட்டத்தின் கிராமப்புறத்தைப் பார்க்க ஆசை. அறுபத்தைந்தைத் தாண்டிய பெற்றோரும் பத்து வயது மகளும் உடன் வருகிறார்கள். எந்த வழியாகப் போவது?"

ஆற்றின் வழியாகப் போங்கள். காலையில் பேச்சிப்பாறை அணையில் கோதையாற்றைப் பிடித்துக்கொண்டால், மாலையில் அது கடலில் விழும் தேங்காய்ப்பட்டணத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். நடுவில் அருவி, கோவில், தொட்டிப்பாலம், சமணர் குகை என்று பார்க்க வேண்டியவை எல்லாம் ஆற்றை ஒட்டியோ அதற்குக் கூப்பிடு தூரத்திலோ இருக்கின்றன.

வாடகைக் கார் ஓட்டுநர் வேறு ஒரு பட்டியலை நீட்டுவார். சுசீந்திரம், வட்டக்கோட்டை, பத்மநாபபுரம் அரண்மனை, உதயகிரிக் கோட்டை, மாத்தூர், திற்பரப்பு, முட்டம், மண்டைக்காடு என்று எட்டோ ஒன்பதோ இடங்கள். ஒவ்வொன்றும் பார்க்கத் தகுந்ததே. ஒரே நாளில் எல்லாவற்றையும் அடக்க நினைப்பதுதான் வம்பு. வரைபடத்தில் இந்த மாவட்டம் கைக்குட்டை அளவு தெரியும். பரப்பு 1,672 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி அதற்குள் 18.7 லட்சம் பேர் வசிக்கிறார்கள். ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்கும் இடமே தெரியாமல் சாலையின் இருபுறமும் வீடும் தோப்புமாகப் போய்க்கொண்டே இருக்கும். சாலைகள் குறுகலானவை, வளைவுகள் அதிகம். போதாக்குறைக்குப் பாறைக்கல்லும் ஜல்லியும் ஏற்றிய கனரக லாரிகள். முப்பது கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போடுங்கள். பட்டியலை நம்பிப் புறப்பட்டால் பாதி நாள் தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே தேசிய நெடுஞ்சாலை 66-இல் முன்னால் போகும் லாரியின் பின்பக்கத்தைப் பார்த்துக் கழிந்துவிடும்.

காலை ஐந்து மணிக்குப் புறப்படுங்கள். கன்னியாகுமரியிலிருந்து நாகர்கோவில், தக்கலை, குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அந்த நேரத்தில் சாலை காலியாக இருக்கும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ரப்பர். பால் வெட்டு விடியுமுன் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும் வேலை. மரத்துக்குள் நீரழுத்தம் கூடியிருக்கும் அந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும். சூடு ஏறினால் வரத்து குறைந்துவிடும். தமிழ்நாட்டு ரப்பரில் பெரும்பங்கு இந்த மாவட்டத்திலிருந்தே வருகிறது. குலசேகரம் சுற்றுவட்டாரத்தில் காரை ஓரமாக நிறுத்தினால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நகரும் தொழிலாளர்களைப் பார்க்கலாம். பட்டையில் சாய்வாக ஒரு மெல்லிய சீவல், அதன் கீழ்முனையில் ஒரு தகரமூக்கு, அடியில் சிரட்டை. கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனாலும் மரம் காயப்படும். ஆகவே இது கைத்திறன் பார்த்துக் கூலி கொடுக்கும் வேலை. பிறகு பாலை வடிகட்டித் தட்டில் ஊற்றி, அமிலம் விட்டு உறைய வைத்து, உருளைகளில் கொடுத்துத் தகடாக்கிக் காயப்போடுவார்கள். வீட்டு முற்றத்துக் கொடியில் துவைத்த துணிக்குப் பக்கத்திலேயே ரப்பர் தகடும் தொங்கும். சிரட்டையில் ஒட்டிக்கொண்டு நிற்கும் மிச்சம் ஒட்டுப்பால். அதற்கும் விலை உண்டு. தோட்டத்துக்குள் கால் வைக்குமுன் அங்கிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் அவர்களே அழைத்துக் காட்டுவார்கள், உங்கள் மகளின் கையில் சிரட்டையையும் கொடுப்பார்கள். இலை உதிர்ந்து துளிர்க்கும் பிப்ரவரி, மார்ச்சில் பல தோட்டங்களில் வெட்டை நிறுத்திவிடுவதால் அந்த மாதங்களில் வந்தால் இந்தக் காட்சி கிடைக்காமல் போகலாம்.

கீரிப்பாறைப் பக்கம் இருக்கும் அரசு ரப்பர் தோட்டங்களுக்கு வேறொரு கதை உண்டு. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களை அங்கே குடியமர்த்தி வேலை கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்களின் அடுத்த தலைமுறைகள் இன்றும் இந்த மாவட்டத்தில்தான் வாழ்கிறார்கள். கீரிப்பாறை உங்கள் வழியில் இல்லை. தோட்டம் என்றதும் நினைவுக்கு வந்ததால் சொன்னேன்.

காலைச் சாப்பாட்டைக் குலசேகரத்தில் ஏதாவது ஒரு சிறிய கடையில் முடித்துக்கொள்ளுங்கள். புட்டும் பயறும் பப்படமும் கேளுங்கள். தொட்டுக்கொள்ள என்ன என்று உங்கள் மகள் கேட்டால் பழம் என்று சொல்லுங்கள்: புட்டோடு பழத்தைப் பிசைந்து சாப்பிடுவது இங்கே வழக்கம். கடை வாசலில் தொங்கும் குலைகளில் விரல் நீளத்தில் மெலிந்து, நுனி கூர்மையாக இருப்பது மட்டி. குழந்தைகளுக்கு முதன்முதலாகக் கொடுக்கும் பழம் இதுதான். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது. வேறு ஊர்களில் அதிகம் கிடைக்காது என்பதால் வயிற்றில் இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சிப்பாறை அணை 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்தது. திருவிதாங்கூரில் மூலம் திருநாள் ஆட்சிக்காலம். கட்டியவர் மிஞ்சின் என்ற ஐரோப்பியப் பொறியாளர். அவருடைய கல்லறையும் இங்கேயே இருக்கிறது. மலைகள் மூன்று பக்கமும் கூடி நிற்க, நடுவே நீர் விரிந்து கிடக்கும். காலை ஏழரை மணிக்கு மேகம் மலையின் இடுப்பில் இருக்கும்; ஒன்பது மணிக்குமேல் வந்தால் அது வெறும் நீர்த்தேக்கம்தான். இதற்கு மேலே கோதையாறு மின்நிலையங்கள், காடு, காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்புகள். வனத்துறைச் சாவடிக்கு அப்பால் அனுமதி இல்லாமல் போக முயலாதீர்கள். ஓட்டுநர் "தெரிந்தவர் இருக்கிறார்" என்று சொன்னாலும் வேண்டாம்.

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் மாவட்டம் இது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைவதற்கு இந்த அணையும், பறளியாற்றில் கட்டிய பெருஞ்சாணி அணையும், அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களும்தான் காரணம். ஆனால் ஒரு காலத்தில் நாஞ்சில் நாட்டில் கண்ணுக்கெட்டியவரை வயலாக இருந்த இடங்களில் இப்போது வாழையும் தென்னையும், அதற்கும் பிறகு வீட்டு மனைக் கற்களும் வந்துவிட்டன. நாள் முழுவதும் கால்வாய்களைப் பார்த்துக்கொண்டே போவீர்கள். அந்த அளவுக்கு நெல்லைப் பார்க்க மாட்டீர்கள்.

அங்கிருந்து திற்பரப்பு. அருவியின் உயரம் சுமார் 50 அடி. குற்றாலத்தோடு ஒப்பிட்டு ஏமாற வேண்டாம், இதன் அழகு உயரத்தில் இல்லை. அருவிக்கு மேலே ஆற்றுப் படுகை முழுவதும் ஒரே பாறைவிரிப்பு; தண்ணீர் அதன்மேல் அகலமாகப் பரவி வந்து பல கிளைகளாக விழுகிறது. முழங்கால் வலி உள்ளவர்கள்கூட நின்று குளிக்கும் வேகம்தான் பெரும்பாலான நாட்களில். ஒன்பது மணிக்குள் போய்விட்டால் நிம்மதி. ஞாயிறு பத்து மணிக்குமேல் பேருந்துகள் வந்து இறங்கிவிடும். மழைக்காலத்தில் பேச்சிப்பாறையிலிருந்து உபரிநீரைத் திறந்துவிட்டால் அந்த வெள்ளம் நேரே இங்கேதான் வரும், குளிக்கத் தடை போடுவார்கள். ஜூனுக்கும் டிசம்பருக்கும் நடுவே வருவதானால் முந்தின நாள் செய்தித்தாளில் அணை நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா உள்ளூர்ப் பதிப்புகளிலும் அது இருக்கும். மாவட்டத்தார் முதலில் படிப்பதே அதைத்தான்.

அருவிக்கரையில் மகாதேவர் கோவில் இருக்கிறது. சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டு கோவில்களில் மூன்றாவது இது. மகாசிவராத்திரியை ஒட்டி பக்தர்கள் முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை என்று வரிசையாக ஓடித் திருநட்டாலத்தில் முடிப்பார்கள். நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். காவி வேட்டி, கையில் விசிறி, வாயில் "கோவிந்தா, கோபாலா". சிவன் கோவில்களுக்கு ஓடுகிறவர்கள் விஷ்ணுவின் பெயரைச் சொல்லி ஓடுவது வெளியூர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கும். இங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை. நீங்கள் காரில் போகும் இதே சாலைகளில்தான் அவர்கள் ஓடுகிறார்கள். வழியோரத்து வீடுகளில் மோரும் பானகமும் சுக்குநீரும் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். அந்த இரண்டு நாட்களில் கார்ப் பயணம் நகராது, ஆனால் ஊரைப் பார்க்க அதைவிட நல்ல நேரமும் கிடையாது.

திருநந்திக்கரை குகைக் கோவில் குலசேகரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பாறையைக் குடைந்த சிறிய மண்டபம், வட்டெழுத்துக் கல்வெட்டுகள், சுவரில் மங்கிப்போன பழைய ஓவியத்தின் தடங்கள். முதலாம் இராசராசனின் பிறந்த நாளான சதயத்தைக் கொண்டாட விட்ட கொடையைச் சொல்லும் கல்வெட்டு இங்கே உண்டு. கல்வெட்டு ஆர்வம் இருந்தால் போங்கள். இல்லையென்றால் அந்த அரைமணி நேரத்தை அடுத்த இடத்துக்குக் கொடுங்கள்.

அடுத்த இடம் திருவட்டாறு. நடை மதியம் சாத்திவிடுவார்கள், மாலையில்தான் மறுபடி திறக்கும்; ஆகவே பத்தரை, பதினொன்றுக்குள் அங்கே இருக்க வேண்டும். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அப்பாவுக்கு ஒரு வேட்டியும் துண்டும் காரில் இருக்கட்டும். ஆதிகேசவப் பெருமாள் கோவில், 108 திவ்விய தேசங்களில் மலைநாட்டுப் பதிமூன்றில் ஒன்று, நம்மாழ்வார் பாடியது. கருவறையில் 22 அடி நீளத்தில் பெருமாள் கிடக்கிறார். கல்லில் வடித்ததல்ல, மண்ணும் பிசினும் மூலிகையும் சேர்த்த கடுசர்க்கரைக் கூட்டால் செய்த திருமேனி. ஒரே வாசல் வழியாக முழு உருவமும் தெரியாது. மூன்று வாசல்கள் வழியே திருமுகம், நாபி, திருவடி என்று நகர்ந்து நகர்ந்து பார்க்க வேண்டும். இருட்டுக்குக் கண் பழகும்வரை பொறுமையாக நில்லுங்கள். முதல் நிமிடத்தில் விளக்குச் சுடர் மட்டும்தான் தெரியும், பிறகு மெதுவாக ஒரு தோள், ஒரு கை என்று கூடிவரும். வெளியே வந்தபின் பிராகாரத்தின் கல்தூண்களில் விளக்கேந்தி நிற்கும் பாவைகளை மகளுக்குக் காட்டுங்கள். ஒருத்தியின் கொண்டை இன்னொருத்தியிடம் இல்லை.

2022 ஜூலை 6-ஆம் தேதி இங்கே கும்பாபிஷேகம் நடந்தது. 418 ஆண்டுகளுக்குப் பிறகு என்று சொன்னார்கள். அன்று தக்கலையிலிருந்தே சாலை நிறைந்துவிட்டது. சாதாரண நாளில் கோவில் கிட்டத்தட்ட காலியாக இருக்கும். இப்படிப்பட்ட கோவில் காவிரிக்கரையில் இருந்திருந்தால் வாசலில் நூறு கடை முளைத்திருக்கும்.

கோவிலை மூன்று பக்கமும் ஆறு சுற்றி ஓடுகிறது. அருகே மூவாற்றுமுகத்தில் கோதையாறும் பறளியாறும் கலந்து, அதற்கப்புறம் குழித்துறையாறு ஆகிறது. தாமிரபரணி என்றும் சொல்வார்கள். நெல்லைச் சீமையில் ஓடுவது வேறு.

மாத்தூர் தொட்டிப்பாலம் இங்கிருந்து பக்கம். இரண்டு குன்றுகளுக்கு நடுவே பறளியாறு ஓடும் பள்ளத்தாக்கு. ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்குப் பட்டணங்கால் கால்வாயின் தண்ணீரை ஆற்றின் தலைக்குமேல் கொண்டுபோக 1966-இல் கட்டியது. நீளம் 1,240 அடி, உயரம் 115 அடி, 28 தூண்கள். ஆசியாவிலேயே பெரியது, உயரமானது என்று வழிகாட்டிகள் அடுக்குவார்கள். அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுங்கள். அந்தப் பட்டம் இல்லாமலேயே அது அருமையான வேலை. வறண்டு கிடந்த விளவங்கோடு, கல்குளம் மேட்டு நிலங்களுக்குத் தண்ணீர் போக வேண்டும், நடுவே பள்ளம். பள்ளத்தில் இறக்கினால் மறுபடி ஏற்ற வேண்டும். ஆகவே மட்டம் குறையாமல் தொட்டியிலேயே கடத்திவிட்டார்கள். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை, சாய்வு ஒன்றுதான்.

பாலத்தின் மேல் தொட்டியை ஒட்டி ஒடுக்கமான நடைபாதை. எதிரே ஒருவர் வந்தால் உடம்பைத் திருப்பித்தான் வழிவிட வேண்டும். ஒரு பக்கம் ஓடும் நீர், மறுபக்கம் தென்னை மரங்களின் தலைகள் கீழே தெரியும். உயரத்தைக் கண்டால் தலைசுற்றுகிறவர்கள் நுழைவிடத்திலேயே நின்றுகொள்வது நல்லது. பாதியில் பயந்து திரும்புவதுதான் கடினம். மகளின் கையைப் பிடித்துக்கொண்டே நடங்கள், கைப்பிடிச் சுவரில் ஏறவிடாதீர்கள். ஆற்றங்கரைக்கு இறங்கப் படிக்கட்டு உண்டு. கீழிருந்து தூண்களை அண்ணாந்து பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த கோணம், ஆனால் இறங்கியதை ஏறியாக வேண்டும் என்பதால் பெற்றோர் மேலேயே இளநீர் குடித்துக்கொண்டிருக்கட்டும்.

மதியச் சாப்பாட்டுக்கு மார்த்தாண்டம். மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன்கறியும் கேளுங்கள். தேங்காய் அரைத்து, புளியும் மாங்காயும் சேர்த்த குழம்பு; சாளையோ நெத்திலியோ கிடைத்தால் விடாதீர்கள். சோறு கேட்டால் பருமனான சிவப்பரிசிச் சோறு வரலாம். மீன் சாப்பிடாதவர்களுக்கு அவியலும் எரிசேரியும் உண்டு. ஊருக்கு நடுவே இரும்பு மேம்பாலம் வந்தபிறகும் கீழே சந்தை நெரிசல் குறையவில்லை. காரை ஓரிடத்தில் விட்டுவிட்டு நடங்கள்.

இங்கே தேன் வாங்கலாம். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கிராமப் புனரமைப்பு மையத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர், பெட்டியில் தேனீ வளர்ப்பதை ஊர் மக்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அது பிடித்துக்கொண்டது, மார்த்தாண்டம் தேனுக்கும் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பலருக்குத் தெரியாத ஒன்று: இந்தத் தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதல்ல. இலை உதிர்ந்தபின் ரப்பர் துளிர்க்கும்போது இளம் இலையின் காம்பு நுனியில் சுரக்கும் இனிப்பைத்தான் தேனீக்கள் எடுக்கின்றன. ஜனவரிக்குப் பிறகு மூன்று நான்கு மாதம் அதன் பருவம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வைரஸ் நோய் வந்து பெட்டிகளைக் காலி செய்தது, பிறகு மெல்ல மீண்டார்கள். சாலையோரப் புட்டிகளை விட்டுவிட்டு, அக்மார்க் முத்திரையுள்ளதையோ வளர்ப்பவர் வீட்டிலோ வாங்குங்கள்.

மூன்று மணிக்குச் சிதறால் சமணர் குகை. மார்த்தாண்டத்திலிருந்து சுமார் 7 கிலோமீட்டர். அடிவாரத்திலிருந்து கல் பாவிய பாதையில் நிதானமாக ஏறினால் அரைமணிக்குள் மேலே போய்விடலாம். செங்குத்தான ஏற்றம் கிடையாது, முந்திரி மர நிழல் கொஞ்சம் உண்டு. பெற்றோர் மாத்தூரில் களைத்திருந்தால் அடிவாரத்தில் இருந்துவிடட்டும். மேலே இரண்டு பெரும் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்க, அந்த இடுக்கு வழியாக நுழைந்தால் பாறையின் முகத்தில் தீர்த்தங்கரர்கள் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். தலைக்குமேல் பாம்புப் படத்தோடு நிற்பவர் பார்சுவநாதர். பழைய பெயர் திருச்சாரணத்து மலை. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் வம்சத்து அரசன் விக்கிரமாதித்திய வரகுணனின் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. பதிமூன்றாம் நூற்றாண்டில் பகவதி கோவிலாக மாறியது. ஊர்க்காரர்களுக்கு வெறும் மலைக்கோவில். பழைய தெய்வங்களை யாரும் உடைத்துப் போடவில்லை. புதிய அம்மனும் அவர்களும் ஒரே பாறையின் கீழ் இருக்கிறார்கள்.

உச்சியிலிருந்து கிழக்கே பாருங்கள். காலையிலிருந்து நீங்கள் வந்த வழி முழுவதும் மலையடிவாரம் தொட்டு விரிந்து கிடக்கும். ரப்பரின் கரும்பச்சை, தென்னையின் வெளிர்பச்சை, நடுவே ஆற்றின் வளைவு. இந்த மாவட்டத்தின் நில அமைப்பைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

குழித்துறைப் பாலத்தைத் தாண்டும்போது ஆறு அகன்றுவிட்டிருக்கும். ஆடி அமாவாசைக்கு முன்னோருக்கு வாவுபலி இடப் பெருங்கூட்டம் கூடும் துறை இது. இங்கிருந்து தேங்காய்ப்பட்டணம் போகும் சாலையில் தென்னை அடர்ந்துகொண்டே போகும். ஐந்தரைக்கு, ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் இருங்கள். மேற்கே திறந்த கடல் என்பதால் சூரியன் மறைவது தெளிவாகத் தெரியும். கன்னியாகுமரியில் அதைப் பார்க்கக் கூட்டத்தோடு முண்டியடிக்க வேண்டும். ஆனால் மகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள். ஆற்றின் இழுப்பும் கடலின் அலையும் மோதும் இடம். மணல்திட்டு நாளுக்கு நாள் இடம் மாறும். நீந்தத் தெரிந்தவர்களையே வாரிக்கொண்டு போயிருக்கிறது.

பக்கத்தில் பழைய கால்வாய் ஒன்றின் மிச்சம் கிடக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை படகு விட 1860-இல் திருவிதாங்கூர் தொடங்கிய வேலை. அனந்த பத்மநாபன், விக்டோரியா அரசி, அன்றைய மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மூவரின் பெயரையும் சேர்த்து அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் என்று பெயரிட்டார்கள். பெயர் சேர்ந்த அளவுக்குக் கால்வாய் நீளவில்லை. வெட்டிய பகுதியும் ஆகாயத்தாமரையும் குப்பையுமாகத் தூர்ந்து கிடக்கிறது.

திரும்பும்போது குளச்சல், மண்டைக்காடு, மணவாளக்குறிச்சி, இராஜாக்கமங்கலம் வழியாகக் கடலோரச் சாலையைப் பிடியுங்கள். இருட்டிவிட்டிருக்கும், இறங்கிப் பார்க்க ஒன்றும் வேண்டாம். 1741-இல் டச்சுக்காரர்களை மார்த்தாண்ட வர்மாவின் படை தோற்கடித்தது குளச்சலில்தான் என்று மட்டும் மகளுக்குச் சொல்லிக்கொண்டு வாருங்கள். பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய் பிறகு அதே அரசனுக்குத் தளபதியாகி, உதயகிரிக் கோட்டைக்குள் புதைக்கப்பட்டிருக்கிறார்.

பத்மநாபபுரம் அரண்மனையை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம், மரவேலையின் உச்சம், கண்ணாடிபோல் பளபளக்கும் கருந்தரை, ஆயிரம் பேருக்குச் சோறு போட்ட ஊட்டுப்புரை: இதையெல்லாம் முக்கால் மணி நேரத்தில் ஓடிப் பார்ப்பது அநியாயம். முழுதாக இரண்டு மணி நேரம் வேண்டும். ஊருக்குத் திரும்பும் நாளின் காலையை அதற்குக் கொடுங்கள். தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை, மதியம் ஒரு மணியிலிருந்து இரண்டு வரை இடைவேளை. ஆற்றுவழி நாளில் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டால் மட்டும் திட்டத்தை மாற்றுங்கள். பேச்சிப்பாறை, திற்பரப்பு, சிதறால் மூன்றையும் விட்டுவிட்டு, ஒன்பது மணிக்கு அரண்மனை திறக்கும்போது முதல் ஆளாக நுழைந்து, பதினொன்றரைக்குள் திருவட்டாறு போய்விடுங்கள். மழை விட்டால் மாத்தூர். வழுக்கும் பாறையில் பெற்றோரை நடக்க வைக்க வேண்டியிருக்காது.